எழுத்தும் கணக்கும் நம் கையில் இருக்க
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கணினி மென்பொருள்களைப் பற்றிய அண்மைச் செய்திகளையும், அவற்றைப் பயன்படுத்தும் முறைகளையும் எடுத்துரைக்குமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இது ஒரு தலைப்பா என்று பெரியவர் ஒருவர் வாயிலிலேயே கேட்டார். அவருக்கு விடை கூறிவிட்டே செய்திக்கு வருகிறேன்.

இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டு 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920ஆம் ஆண்டு 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். பிறருடைய ஏடுகளில் இடம் வேண்டிக் காத்திராமல் தமக்கென ஏடு கண்டவர்கள் அவர்கள். இன்று அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்துகள் மறைந்துவிட்டன. கணக்குப் பிள்ளையின் பேரேடும் மறைந்து வருகிறது. இரண்டின் இடத்திலும் மென்பொருள் வந்து அமர்ந்திருக்கிறது. ஆகவே, அதனைப் பற்றிப் பேசுவது நம் முன்னோர் செய்த பணியைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

இன்று நம் தெருவில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. எனினும் கருவி நம்மிடமும், அதன் திறவுகோல் வேறொருவரிடமும் இருக்கும் நிலை மாறவில்லை. பள்ளியில் ஆண்டுதோறும் நான் காண்பதைச் சொல்கிறேன். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றவுடன் மாணவன் கணினி மையத்திற்கு ஓடுகிறான். அங்குள்ளவர் தம் மின்னஞ்சலைக் கொடுத்து, தமக்கு நினைவில் நிற்கும் கடவுச்சொல்லையும் வைத்து, விண்ணப்பத்தைப் பதிந்துவிடுகிறார். அவர் கெட்டவர் அல்லர். விரைவாக வேலையை முடிக்க விரும்புகிறவர். அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் கடை இருக்காது, அல்லது அவர் இருக்கமாட்டார். மாணவனுக்குத் தன் விண்ணப்பத்தைத் தானே திறக்க இயலாது. இதற்கிடையில் அவனுடைய சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை ஆகியவற்றின் படங்கள் அம்மையத்தின் கணினித் திரையிலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கும்.

ஒன்பதாம் வகுப்பை எட்டும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் மேற்பார்வையில் சொந்த மின்னஞ்சல் ஒன்று இருக்கட்டும். வீட்டில் நிலையாக இருக்கும் கைப்பேசி எண்ணையே விண்ணப்பத்தில் தர வேண்டும். கடவுச்சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மையத்தை விட்டு எழுவதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறி, சான்றிதழ்ப் படங்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுமாறு கேட்கத் தயங்கலாகாது. நடுவணரசு 2015ஆம் ஆண்டு தொடங்கிய டிஜிலாக்கரில், வழங்கும் துறையே நேரடியாக இட்டுவைக்கும் சான்றிதழ்கள் சட்டப்படி அசலுக்கு ஒப்பானவை. நாமே படம் பிடித்து ஏற்றிய படிக்கு அத்தகுதி இல்லை. இந்த வேறுபாட்டை அறியாது பலர் ஏமாறுகின்றனர்.

இனி அண்மைச் செய்திக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குத் தன் பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடவில்லை, முன்போலவே ஓடும். ஆனால் புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அதற்கு வழக்கம்போல் வருவதில்லை. தனி ஏற்பாட்டில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டுக்குத் திருத்தம் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

திருத்தம் வராவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் 2017 மே மாதத்தை நினைவுகூர வேண்டும். வான்னாக்ரை என்னும் தீய நிரல் நூற்றைம்பது நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதனை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே சிக்கின.

விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் அதற்குத் தேவை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவை பழுதடைந்தவை என்று எண்ணி எடைக்குப் போடாதீர்கள். அவற்றுள் பலவற்றில் சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. அப்பொழுது அதனை யாரும் திறந்து பார்க்கவில்லை! லினக்ஸ் குடும்பத்தில் எளிய பதிப்பு ஒன்றை ஏற்றினால் கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பாடம் படிக்கவும் அப்பழைய பொறி இன்னும் உழைக்கும். மூன்றாம் மனிதரிடம் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்வதைக் காட்டிலும் இது மேல். பூட்டை உடைத்த நிரலோடு வேறு என்னென்ன உள்ளே வந்தன என்பதை ஏற்றியவரும் அறியமாட்டார்.

கடிதத்திற்கும் கணக்கிற்கும் லிப்ரே ஆஃபீஸ் என்னும் தொகுப்பு இருக்கிறது. 2010ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விலையின்றி வழங்கப்படுகிறது. தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை தேடும் இளைஞர்கள் டேலியைக் கற்கத்தான் வேண்டும். நம் மாவட்டத்துக் கடைவீதியில் அதற்கே மதிப்பு. மகளிர் குழுக் கணக்கிற்கோ சங்கக் கணக்கிற்கோ லிப்ரே ஆஃபீஸின் அட்டவணையே போதும். ஆனால் அட்டவணையை அட்டவணையாகப் பயன்படுத்த வேண்டும். கால்குலேட்டரில் கூட்டி, விடையை மட்டும் கட்டத்தில் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னர் ஒரு தொகையைத் திருத்தினால் கூட்டல் திருந்தாது.

பழைய கோப்பு வடிவங்களும் ஆபத்தானவை. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா நோயாளிகளின் பட்டியலை எக்ஸலின் பழைய வடிவில் தொகுத்தது. அவ்வடிவில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதனால் 15,841 பேரின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேராமலே போயிற்று. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமாயிற்று.

பழைய வடிவம் என்றதும் நம் சங்கத்தின் நிலையைச் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் முதற்பாதி ஆவணங்கள், அதாவது உறுப்பினர் பட்டியல், உதவித்தொகை பெற்றோர் பட்டியல், தீர்மானங்கள், ஆண்டறிக்கைகள் யாவும், அன்று கிடைத்த தமிழ் எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. பாமினி என்றும் வானவில் என்றும் இன்னும் பல பெயர்களில் அவை வழங்கின. அவற்றின் அமைப்பு வேடிக்கையானது. கணினி தன் உள்ளத்தில் ஆங்கில எழுத்தையே வைத்திருக்கும். அதன்மேல் தமிழ் வடிவத்தைச் சட்டைபோல் போர்த்தியிருப்பார்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகள் நிற்கும். அம்மாவைக் காணோம். நம் முதல் பட்டதாரிகளின் பெயர்கள் அத்தனையும் இன்று அந்நிலையில்தான் இருக்கின்றன.

யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் தமிழுக்கென்றே உரிய எண்கள் உண்டு. ஆகவே எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தோன்றும். ஒரு பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்கும். தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பழைய கோப்புகளை யூனிகோடிற்கு மாற்றித் தரும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றும்போது இன்ன எழுத்துரு என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். பாமினிக் கோப்பை வானவில் என்று சொல்லி மாற்றினால் குழப்பமே மிஞ்சும். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவையும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். அதனால் ஒருவர் பழைய அச்சுப் படியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்துத் திருத்த வேண்டும். மாற்றியபின் பழைய கோப்பை அழித்துவிடவும் கூடாது.

தட்டச்சு அறியாதோர் 1999ஆம் ஆண்டு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையைக் கற்பது நலம். உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் வலக்கையிலும் அமைந்தவை. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும்; இரட்டிக்கும் எழுத்தில் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நாள்தோறும் அரைமணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை பழகிவிடும். கைப்பேசியில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

வணிக மென்பொருளைப் பற்றிய ஒரு வழக்கையும் நீங்கள் அறிய வேண்டும். பிரிட்டன் நாட்டின் அஞ்சல் நிலையங்களில் 1999ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. புஜிட்சு நிறுவனம் அதனை வழங்கியது. சிற்றூர்களில் அஞ்சல் நிலையம் நடத்திய எளிய மக்களின் கணக்கில் பணம் குறைகிறது என்று மென்பொருள் காட்டிற்று. காட்டிய தொகையைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார்கள், வீட்டை இழந்தார்கள், தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்டோர் திருடர்கள், பொய்க்கணக்கு எழுதியவர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். உங்களுக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்று அவர்களுள் பலரிடம் தனித்தனியே சொல்லப்பட்டது. ஆலன் பேட்ஸ் என்பவர், உள்ளிருக்கும் விவரத்தைக் காட்டாமல் குறைந்த பணத்திற்கு நான் எவ்வாறு பொறுப்பேற்பேன் என்று விடாமல் கேட்டார். 2003ஆம் ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தை முறித்தார்கள். அவர் ஓயவில்லை. தம்மைப்போன்றோரைத் தேடித் திரட்டினார். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், பிழைகள் மென்பொருளில்தான் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை நீக்க 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

'கணினியில் உன் பெயர் இல்லை' என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்புகிற நம் தாய்மார்களை எண்ணியே இதனைக் கூறினேன். அன்று 'ஏட்டில் இல்லை' என்றார்கள், இன்று கணினி. அவ்வாறு சொல்லப்படும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பித்த அன்றே ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக்கொள்ளுங்கள். அப்பொழுதும் விடை வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் பொதுவாக முப்பது நாட்களுக்குள் அலுவலகம் விடை தந்தாக வேண்டும். இயந்திரம் பிழைக்காது என்று கூறுவோருக்கு மற்றொரு செய்தி: 2024 ஜூலை 19ஆம் நாள் கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பணம் பற்றி இரண்டே சொற்கள். யு.பி.ஐ. இரகசிய எண் பணம் கொடுப்பதற்கானது. பெறுவதற்கு அதனை யாரும் கேட்கத் தேவையில்லை. உதவித்தொகை வந்திருக்கிறது, எண்ணைத் தட்டுங்கள் என்று யாரேனும் சொன்னால் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அன்று. ஏமாந்துவிட்டால் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். விண்ணப்பக் கடிதத்தின் வடிவத்தை அதனிடம் கேட்டறியலாம். ஆனால் அது இல்லாததையும் உறுதிபடச் சொல்லும். 2023ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் அது புனைந்து தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி ஐயாயிரம் டாலர் தண்டம் கட்டினார்கள்.

சங்கத்தின் பழைய கோப்புகளுக்குத் திரும்புகிறேன். அவற்றை மாற்றும் பணியை வரும் சனிக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் தொடங்கலாம் என்று செயலாளர் இசைந்திருக்கிறார். தமிழ் பிழையின்றிப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் வேண்டும். கணினி தெரிந்தவர்கள் நான்கு பேர் போதும். பழைய ஆண்டறிக்கைகளின் அச்சுப் படிகள் எவர் வீட்டிலேனும் இருப்பின் எடுத்து வாருங்கள். அவை இல்லாமல் திரையில் வருவதைச் சரிபார்க்க வழியில்லை. முடித்தபின் ஒரு படி சங்கத்தின் கணினியிலும், ஒரு படி தனி வட்டிலும், ஒரு படி வெளியூரில் பணியாற்றும் உறுப்பினர் ஒருவரிடமும் இருக்கட்டும்.