மட்கார்டில் ஒரு டீ கிளாஸ்



இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் முன்விளக்கில் ஒரு வித்தை உண்டு. பானெட்டைத் தூக்கி, விளக்கைப் பிடித்திருக்கும் விங் நட்டைக் கையாலேயே தளர்த்தினால் போதும். விளக்கு கீலில் சுழன்று, ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்க்கும். நடுராத்திரி காட்டில் வண்டி நின்றுபோனால் டார்ச் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டாம்.

எனக்கு வண்டிப் பைத்தியம் பிடித்ததே இந்த விளக்கால்தான். கார் வடிவமைப்பு என்று யார் பேச்செடுத்தாலும் நான் இதைத்தான் இழுப்பேன். வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி கேட்டது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும். பான்டம் என்ற சிறு கம்பெனிக்காக கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். பிறகு வில்லிஸ் கம்பெனி தன் 60 குதிரைத்திறன் எஞ்சினோடு உள்ளே வந்தது. அதன் முதல் ஜீப்புகளுக்கு முகம் என்று தனியாக எதுவும் கிடையாது. ரேடியேட்டருக்கு முன்னால் ஜன்னல் கம்பி மாதிரி இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்திருந்தார்கள். அதே வண்டியைச் செய்ய வந்த ஃபோர்டு, எதற்கு இத்தனை வெல்டிங் என்று ஒரே தகட்டில் ஒன்பது பிளவு வெட்டி அச்சடித்துவிட்டது. செலவும் எடையும் குறைந்தன. போருக்குப் பிறகு வந்த ஜீப்பில் அந்தப் பிளவுகள் ஏழாயின. இன்று பல லட்சம் கொடுத்து வாங்கும் ஜீப்பின் கம்பீரமான முகம், அன்றைக்குக் காசு மிச்சம் பிடிக்கப்போய் வந்த முகம்!

1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது. பென்ட்லி, மெர்சிடிஸ் என்று பட்டுக்கட்டிய கூட்டம். அந்த வரிசையில் ஜீப்பும் நின்றது.

லேண்ட் ரோவர் கதையும் இதே வழிதான். பிரிட்டனில் ரோவர் கம்பெனிப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் தன் பண்ணைக்கு ஒரு பழைய ராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் தானும் ஒன்று செய்யலாம் என்று இறங்கினார். போர் முடிந்த காலம், இரும்புக்குப் பங்கீடு. அதனால் உடம்பெல்லாம் அலுமினியக் கலவை. வளைவாக அச்சடிக்கப் பெரிய அச்சுகளுக்குச் செலவாகும், அதனால் தட்டையான தகடுகள். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைத்த அந்தச் சதுர உருவத்தின் சாயல் 2016 வரை தயாரிப்பில் இருந்தது.

நம் ஊர் ஜீப்புக்கு வருவோம். பழைய சினிமாவில் கடைசிக் காட்சிக்கு வந்து நிற்குமே போலீஸ் ஜீப், அதன் முகத்தை நினைத்துப் பாருங்கள். மற்ற ஜீப்புகளைவிட நெற்றி உயரமாக இருக்கும். சிஜே 3பி என்ற அந்த மாடலுக்கு 1953-இல் புது எஞ்சின் வைத்தபோது, அதன் வால்வுகளில் பாதி தலைக்கு மேலே ஏறியதால் எஞ்சின் உயர்ந்துவிட்டது. பானெட் மூடவில்லை. என்ன செய்தார்கள்? பானெட்டையே தூக்கிக் கட்டிவிட்டார்கள். அந்த மேட்டு நெற்றியைத்தான் மஹிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் செய்தது. நான் சொல்லவருவது இதுதான்: அந்த வண்டிகளில் எந்த இடத்தில் விரல் வைத்து ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டாலும் ஒரு பதில் இருக்கும்.

என் இப்போதைய காரில் விரல் வைத்தால் பதில் வராது. முன் பம்பருக்கு அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு தகடு, பாறை உரசினாலும் எஞ்சினைக் காப்பாற்றும் என்பதுபோல ஒரு மிடுக்கு. எங்கள் தெரு வேகத்தடையில் உரசிய அன்றே கையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக்! மேடு ஏற வேண்டிய வண்டியில் கல்லை முதலில் தொட வேண்டியது சக்கரம். அதற்குத்தான் பழைய ஜீப்பில் சக்கரங்களை வண்டியின் நுனிக்கே தள்ளி வைத்தார்கள். என் கார் தாடையைத்தான் முதலில் நீட்டுகிறது. ஏசியைக் குறைக்கக்கூடத் திரையில் மூன்று இடத்தில் தொட வேண்டும், அதுவும் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து.

பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஸ்பிரிங் பட்டைகளின் மேல் நாற்பது கிலோமீட்டர் போனால் முதுகெலும்பில் எத்தனை கணு என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். மோதினால் காப்பாற்றக் காற்றுப்பை இல்லை, கவிழ்ந்தால் தலைக்கு மேல் வெறும் படுதா. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக நான் என் பிளாஸ்டிக் தாடைக்காரனைத்தான் எடுப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் போடிக்கு ஒரு நாள் விடியற்காலை போய்ப் பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குக் கேரள மலைக்கு ஏறும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள். போன முறை ஒரு டிரைவரிடம், “ஏண்ணே, புதுசா ஒண்ணு எடுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய டீ கிளாஸ் ஜீப்பின் தட்டையான மட்கார்டில் நடுங்கிக்கொண்டு நின்றது.

“எடுக்கலாம் தம்பி. புது வண்டியில இதை எங்க வைக்கிறது?” என்றார். கிளாஸை எடுத்துக் கடைசி வாய் குடித்துவிட்டு, மட்கார்டில் விழுந்திருந்த டீ வட்டத்தைத் துண்டால் துடைத்தார். அதற்கு அடியில் பெயின்ட் தேய்ந்து இன்னொரு வட்டம் இருந்தது. அதைத் துடைக்க முடியாது.