மூட்டையோடு திணிக்கும் டானிக்
(அவலூர்பேட்டையில் விவசாயத் தொழிலாளர்களிடையே பேசியது)



குத்தகைக்கு நிலம் பிடித்துத் தக்காளி நட்ட சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். யூரியா மூட்டை கேட்டால், "டானிக் பாட்டிலும் வாங்கு, இல்லையேல் மூட்டை இல்லை" என்று கடைக்காரர் மடக்குவதாகச் சொன்னீர்கள். இது ஓர் ஊர்ச் சங்கதியல்ல. நாடெங்கும் புகார் எழுந்து, இந்தக் கட்டாய விற்பனையை நிறுத்தும்படி ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. சோதனையில்லாமல் விற்ற ஊக்கிச் சரக்குகள் முன்பு சுமார் 30,000. கெடுபிடிக்குப் பின் சுமார் 650 என்று அவரே சொன்னார். மற்றவையெல்லாம் யார் காசில், யார் வயலில் தெளிக்கப்பட்டன?

ஊக்கி என்பதே புரட்டு என்று நாம் சொல்லவில்லை. ராமநாதபுரம் கடலில் மூங்கில் தெப்பங்களில் பெண்கள் பாசி வளர்க்கிறார்கள். அந்தப் பாசியின் சாறு வேரை வளர்க்கும், பூ நிற்க உதவும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவும் அப்படியே. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலந்து, நன்றாக வடிகட்டித் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் தெளிப்பானின் வாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நெய் வேண்டுமாம்! நம் சோற்றுக்கே நெய்யில்லை. மீன் அமிலம் நமக்குத் தோதானது. சந்தையில் மிஞ்சும் மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சரி எடை. மூடிய பாத்திரத்தில் மூன்று, நான்கு வாரம் நிழலில் கிடக்கட்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிக்கு மேல் வேண்டாம். காலையிலோ மாலையிலோ அடியுங்கள், உச்சி வெயிலில் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊக்கி எருவாகாது, தண்ணீரும் ஆகாது. காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால், பாய்ச்சல் ஒருநாள் வெள்ளமாகவும் மறுவாரம் வறட்சியாகவும் இருந்து, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதை எந்த பாட்டிலும் தீர்க்காது. சீரான பாய்ச்சலும், செடியடியில் சருகு மூடாக்கும்தான் வழி.

2021 முதல் ஊக்கிகளும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. ஆகவே வாங்கினால் ரசீது கேளுங்கள். மூட்டையோடு பாட்டிலைத் திணித்தால், தேதியும் கடையும் குறித்து வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுத வராதவர்கள் கூச்சப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.