கள்ளிக் கொம்பும் லேசர் ஒளியும்

பேய்க்கதையையும் அறிவியல் கதையையும் ஒரே நீண்ட நாவலில் மோதவிட்டுப் பார்த்தவர் சுஜாதா. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்த 'கொலையுதிர் காலம்' அது.

பெரிய சொத்துக்கு வாரிசான லீனா, அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் குமாரவியாசன், ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் அங்கே போகிறார்கள். இரவில் ஒரு பெண்ணுருவம் தெரிகிறது, கொலைகள் விழுகின்றன. வசந்துக்கு அது பேய். கணேஷுக்கு அது விஞ்ஞானம், ஹோலோகிராம் எனும் முப்பரிமாணப் பிம்பம்.

நாவலின் பலம் இந்த வழக்குதான். இரண்டு பக்கமும் சமமாக வாதாடுகின்றன. வசந்த் பயப்படும்போது நமக்கும் பயம் வருகிறது. கணேஷ் பேசத் தொடங்கினால் மனம் அவன் பக்கம் சாய்கிறது. பக்கங்கள் நீண்டாலும் இந்த இழுபறி தளரவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஹோலோகிராமைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியும், நேராக வரும் லேசர் ஒளியும் சந்திக்கும் கோலத்தைத் தகட்டில் பதிப்பதுதான் அதன் முறை. பிம்பம் தெரிய வேண்டுமானால் கண் அந்தத் தகட்டை நோக்கியே இருக்க வேண்டும். வெட்டவெளியில், எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும்படி ஓர் உருவத்தை அதனால் உலவவிட முடியாது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார். வாராவாரம் ஓர் அதிர்ச்சியோடு நிறுத்த வேண்டிய தொடர்கதையின் கட்டாயமும், புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது துருத்தித் தெரிகிறது.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. நம் நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டவர்கள் நாம். தன் மடியில் தலைவைத்துத் தூங்கியவளை நகைக்காக ஒருவன் கள்ளிச்செடியருகே கல்லைப் போட்டுக் கொல்கிறான். தேடிவந்த அண்ணன் தங்கையின் உடலைக் கண்டு அங்கேயே உயிர்விடுகிறான். அவள் மறுபிறவியில் கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, கொன்றவனைத் தேடி வருகிறாள். என்ன நடக்கப்போகிறது என்பது கூட்டத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நடுங்குகிறோம், அவளுக்காக அழவும் செய்கிறோம். வில்லடிப் புலவர் அந்த அண்ணனின் புலம்பலை அவசரப்படாமல் பாடுவார். சுஜாதாவின் நாவலிலோ பிணம் விழுந்த உடனே தடயமாகிவிடுகிறது. செத்தவருக்காக உட்கார்ந்து அழ யாருக்கும் நேரமில்லை. லீனாவின் பயம்கூடப் பெரும்பாலும் மற்றவர்கள் கண் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், இதைப் படியுங்கள் என்றே சொல்வேன். தமிழில் பேயையும் அறிவியலையும் மோதவிடும் இந்தத் தடத்தை இவ்வளவு துணிச்சலாகப் போட்டவர்கள் குறைவு. அந்த நீலியை இசக்கியம்மனாக வணங்கும் முப்பந்தல் கோயிலைச் சுற்றி இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. யட்சியும் இயந்திரமும் ஒரே நிலத்தில் நிற்கும் அந்த இடத்தை வைத்து நம்மூர்ப் பிள்ளைகளில் யாராவது இப்படியொரு நாவல் எழுத வேண்டும். எழுதுகிறவர் கணேஷின் அறிவை எடுத்துக்கொள்ளட்டும். அந்த அண்ணனின் புலம்பலுக்கும் நாலு பக்கம் ஒதுக்கட்டும்.