கம்பி நீட்டிக்கிட்டு நிக்கற வீடு யாருக்கு செட் ஆகும்?

போன எபிசோட்ல ஃபிளாட்டா, தனி வீடான்னு பேசினோம். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்ஸ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ரெண்டுக்கும் நடுவுல எதுவும் இல்லையா?"

இருக்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எந்த உள் தெருவுல நின்னு நிமிர்ந்து பார்த்தாலும் கண்ணுல படும். கீழே ஒரு ஷட்டர் போட்ட கடை. பக்கத்துல வெளிப்படி. மேல ஒரு போர்ஷன். அதுக்கு மேல ஷீட் போட்ட ஒரு ரூம். மொட்டை மாடியோட மூலையில பில்லர் கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கிட்டு நிக்கும். நெட்ல ஹைப்ரிட் ஹோம்னு தேடினா கன்டெய்னர் வீடு, கண்ணாடிச் சுவர்னு வரும். நம்ம ஏரியாவோட ஹைப்ரிட் இதுதான்: கடை பாதி, வீடு பாதி, கான்கிரீட் பாதி, இரும்பு பாதி.

இந்த வீட்டைப் பார்த்து "பாவம், காசில்லாம பாதியில நிறுத்திட்டாங்க"ன்னு நினைக்கறவங்க நிறைய. எனக்கு இது வேற மாதிரி தெரியுது. சம்பளத்தோட வேகத்துல வளர்ற வீடு இது. ஆனா ஒழுங்கா வளரணும்னா, முதல் நாளே சில முடிவு எடுத்திருக்கணும்.

முதல்ல, இது ஏன் இங்க இவ்வளவு? ஆவடியில 1961ல டாங்க் ஃபேக்டரி வந்தது. அதே 60கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. சுத்தி மனை வாங்கினவங்க பலரும் தொழிலாளிங்க. போனஸ் வந்தா ஒரு ரூம், சீட்டு எடுத்தா ஒரு பாத்ரூம், ரிட்டையர் ஆகி பி.எஃப். வந்தா மாடி. சிலர் கீழ ஒரு லேத் மெஷினைப் போட்டு ஜாப் ஆர்டர் எடுத்தாங்க. வீடே வருமானம் ஆச்சு.

இதையே அரசாங்கமும் திட்டமா பண்ணியிருக்கு. 1970களோட கடைசியில தொடங்கி, உலக வங்கிக் கடன்ல சென்னையில சில இடங்கள்ல மனைகளை அமைச்சாங்க. அம்பத்தூருக்குப் பக்கத்துல இருக்கற முகப்பேரும் அதுல ஒண்ணு. முழு வீடு கட்டித் தர்றதுக்குப் பதிலா ரோடு, தண்ணி, சாக்கடை வசதியோட மனை. சின்ன மனைகள்ல கழிப்பறையோ ஒரு சின்ன அடிப்படைக் கட்டடமோ இருக்கும். மீதியை அவங்கவங்க வசதிப்படி கட்டிக்கலாம். பெரிய மனையை அதிக விலைக்கு வித்து, சின்ன மனையோட விலையைக் குறைச்சாங்க. இன்னிக்கு முகப்பேர்ல நடந்து பாருங்க, அடுத்தடுத்த ரெண்டு வீடு ஒரே மாதிரி இருக்காது.

இந்தூர்ல பி.வி. தோஷி வடிவமைச்ச அரண்யா குடியிருப்பும் இதே ஐடியாதான். அதுக்கு 1995ல ஆகா கான் விருது கிடைச்சது. சிலி நாட்டுல அலெஹாந்த்ரோ அரவேனா 2004ல, இக்கீக்கேங்கற ஊர்ல, பாதி வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்து மீதி இடத்தைக் காலியா விட்டார். தோஷிக்கு 2018ல, அரவேனாவுக்கு 2016ல பிரிட்ஸ்கர் பரிசு. கட்டடக்கலையில அதுதான் உச்சம். நம்ம ஊர் மேஸ்திரி விருது எதுவும் எதிர்பார்க்காம இதைப் பண்ணிக்கிட்டிருக்கார்.

சரி, முதல் நாள் முடிவுகள். மூணு சொல்றேன்.

ஒண்ணு, அஸ்திவாரம். மேல எத்தனை தளம் வரப்போகுதோ, அத்தனைக்கும் இப்பவே டிசைன் பண்ணணும். ஒரு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரத்து மேல ரெண்டாவது மாடி ஏத்தறது உயிரோட விளையாடறது. மேல நீட்டற கம்பியும் சும்மா அலங்காரத்துக்கு இல்ல. புதுக் கம்பியோட சேர்த்துக் கட்டறதுக்கு, பொதுவா விட்டத்தைப் போல சுமார் 50 மடங்கு நீளம் வேணும். 16 மி.மீ. கம்பின்னா 80 செ.மீ. அதை அப்படியே மழையில விட்டா துரு பிடிச்சிடும். சிமென்ட் பால் அடிச்சோ, மெலிசா கான்கிரீட் போட்டு மூடியோ வைக்கணும்.

ரெண்டு, படி. படிக்கட்டு ஹாலுக்குள்ள இருந்தா, மேல கட்டினாலும் அது உங்க வீட்டோட பெட்ரூம்தான். வெளிய இருந்தா அது வாடகைக்கு விடலாம், அண்ணன் குடும்பம் இருக்கலாம், நீங்களே ஆபீஸ் போட்டுக்கலாம். இந்த மொத்த ஸ்டைலுக்கும் சாவி வெளிப்படிதான்.

மூணு, பேப்பர். 2024 ஜூலையில வந்த சுயசான்று முறையில, 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம். அந்த முறை வந்தப்போ தரைத்தளம், அதுக்கு மேல ஒரு மாடி, அவ்வளவுதான் அதுல இருந்தது. பின்னாடி இன்னொரு தளம் ஏத்தினா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். கீழ கடை வெச்சா, அதுக்கு வணிகக் கட்டணத்துல தனி ஈபி கனெக்‌ஷன். வீட்டு மீட்டர்ல கடையை ஓட்டி மாட்டினா அபராதம்.

இப்போ பணக் கணக்கு. 60 லட்சம் கடன், 8.5 சதவீதம் வட்டி, 20 வருஷம்: மாசம் சுமார் 52,000. இதே வட்டியில 25 லட்சம்னா சுமார் 21,700. நம்ம ஐடி வேலையில 20 வருஷ இஎம்ஐங்கறது, 20 வருஷமும் சம்பளம் வரும்னு கட்டற பந்தயம். லேஆஃப் மெயில் வந்த மாசம், 52,000க்கும் 21,700க்கும் நடுவுல இருக்கறது தூக்கம்.

ஆனா ஒரு கண்டிஷன். இந்தக் கணக்கு, அப்பா எப்பவோ வாங்கிப் போட்ட மனை இருக்கறவங்களுக்குத்தான் பொருந்தும். மனையையும் கடன்லதான் வாங்கணும்னா மிச்சம் பெருசா இருக்காது. அதுலயும் பேங்க், குறிப்பிட்ட காலத்துக்குள்ள கட்டி முடிக்கணும்னு நிபந்தனை வைக்கும். மெதுவா வளர்றதுக்கு அங்க இடமில்ல.

அப்போ யாருக்கு இது சரி? வருமானம் ஏறி இறங்கறவங்களுக்கு: ஃப்ரீலான்ஸர், சின்ன ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவங்க. வீட்டுலயே தொழில் பண்றவங்களுக்கு: தையல், டியூஷன், மாவு அரைச்சு விக்கறவங்க. அப்புறம், அப்பா அம்மாவோட ஒரே காம்பவுண்டுல, ஆனா வேற வேற சமையலறையில இருக்கணும்னு நினைக்கற நம்ம வயசு ஜோடிகளுக்கு. நானும் என் மனைவியும் இந்த மூணாவது கேஸ். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால அவங்க கீழ. எங்களுக்கு நைட் கால்ஸ், அதனால நாங்க மேல. இன்னும் பிளான் போடற ஸ்டேஜ்லதான் இருக்கோம். சண்டை முழுக்க கீழ்த்தளத்தோட உயரத்தைப் பத்திதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளயே வெள்ளம் வந்தது. பேஸ்மட்டத்தை நல்லா உயர்த்தணும். உயர்த்தினா அம்மாவுக்குப் படி அதிகம். சாய்வுப்பாதை போட்டா ஒரு வண்டி நிறுத்தற இடம் போகுது. இதுக்கு சுலபமான பதில் இல்ல.

யாருக்கு வேண்டாம்? ரெண்டு வருஷத்துல பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பற ஐடியா இருக்கா? வேண்டாம். இந்த வீட்டுக்குக் கூடவே நின்னு பார்த்துக்கற ஆள் வேணும். சிமென்ட் தூசி, கொத்தனார் சத்தம், மறுபடி மறுபடி செலவு, இதெல்லாம் தாங்காதுன்னா ஃபிளாட் நிம்மதி. ஷீட் ரூமை பெட்ரூம் ஆக்கலாம்னு நினைக்கறவங்க மே மாசம் மதியம் 2 மணிக்கு அதுக்குள்ள பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க. துணி காயப் போட, சாமான் வைக்க, சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் எடுக்க ஓகே. தூங்க முடியாது.

இந்த வாரம் ஒரு ஹோம் ஒர்க். உங்க வீடு தனி வீடுன்னா, பழைய பிளானை பீரோவுல இருந்து எடுங்க. எத்தனை மாடிக்கு அஸ்திவாரம் போட்டாங்கன்னு அப்பாகிட்டயோ மேஸ்திரிகிட்டயோ கேளுங்க. பதில் தெளிவா வரலைன்னா, மேல ஒரு செங்கல் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. என்ன சொன்னார்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.