நூலுக்கு முதல் போடுவோர்



நெல் விளைய நிலம் வேண்டும், நீர் வேண்டும், உழவனின் உழைப்பு வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். நாற்று நட்ட நாள் முதல் அறுவடை நாள் வரை காத்திருப்பதற்குக் கையில் முதல் இருக்க வேண்டும். காரும் பிசானமும் விளைகின்ற பொருநைக் கரையில் வாழும் நமக்கு இதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூல் வெளியீடும் ஒரு வகை வேளாண்மைதான். காகிதம் வாங்கியாக வேண்டும். அச்சுக் கூலியும் கட்டுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். படிப்பவர் காசு கொடுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த இடைக்காலத்தில் முதல் போட்டுக் காத்திருப்பவர் யார்? நட்டம் வருமோ என்ற அச்சத்தைச் சுமப்பவர் யார்? நூல் வாணிகத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்விடைகளிற் பலவற்றை நம் பொருநை நாட்டிலேயே காணலாம்.

பொருநை கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே தங்கித் தமிழ் கற்றவர் அண்டிரிக் பாதிரியார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலும் அச்சேறியது. இந்த முயற்சிக்குப் பொருள் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலுக்குள் மூச்சடக்கி முத்தெடுத்து ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி தமிழ் எழுத்துக்களை அச்சேற்றப் பயன்பட்டது. ஒரு சமூகம் தன்னுடைய நூலுக்குத் தானே முதல் போட்டது என்பது நமக்குக் கிடைக்கும் முதல் விடை.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது வேறொரு வழியைக் கையாண்டார். நூல் வருமுன்னரே ஊர் ஊராக அன்பர்களிடம் கையொப்பம் வாங்குவதே அவ்வழி. 'நூல் வெளிவந்தால் இத்தனை பிரதி பெற்றுக்கொள்வேன்' என்பதற்கு அக்கையொப்பம் உறுதி. சிலர் முன்பணமும் கொடுத்தார்கள். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்பு பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி ஐயர் அவர்கள் நம் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைக்கப்பட்டிருந்த சுவடிகள் அவருக்குக் கை கொடுத்தன. 1889இல் பத்துப்பாட்டும் அச்சாயிற்று. மூலத்தைக் காத்தவர்கள் ஒரு புறம். முன்பணத்துக்குக் கையொப்பமிட்டவர்கள் ஒரு புறம். நடுவில் ஒரு பேரறிஞர். இந்த மூவர் கூட்டுறவினால் நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன.

கையொப்பம் என்பது செல்வர்களையும் கற்றோரையும் நம்பியது. பொதுமக்களையே நம்பினால் என்ன என்று எண்ணிப் பார்த்தவர் மகாகவி பாரதியார். 1918ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 வரை அவர் கடையத்தில் வாழ்ந்தார். மலையடிவாரத்துச் சிற்றூரில், வறுமைக்கு நடுவில், அவர் தீட்டிய வெளியீட்டுத் திட்டத்தைப் படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது. நாற்பது நூல்கள், ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள், ஆக நான்கு லட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் விற்பனையாகும் என்று அவர் நம்பினார். அதற்கு வேண்டிய முதலைக் கடனாகக் கேட்டு, வட்டியும் தருவதாகச் சொல்லி, அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வந்து சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். 1949இல் சென்னை மாகாண அரசாங்கம் அவருடைய நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவுடைமை ஆக்கப்பட்டன. அதற்குப் பிறகு பாரதியார் கவிதைகள் எத்தனை பதிப்பகங்களிலிருந்து, எத்தனை வடிவங்களில், எத்தனை விலைகளில் வெளிவந்திருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். பாரதியார் போட்ட கணக்கில் பிழை இல்லை. அக்கணக்கு மெய்யாகும் வரை காத்திருக்க முதல் இல்லை, அவ்வளவுதான்.

பாரதியார் கடையத்தில் இருந்த அதே 1920ஆம் ஆண்டில், பொருநைக் கரையில் மற்றொரு முயற்சி தோன்றியது. திருவரங்கனாரும் அவருடைய இளவல் வ. சுப்பையா பிள்ளையும் முன்னின்று நிறுவிய தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகமே அது. தனி வள்ளல் ஒருவரை நம்பாமல் பலரிடம் பங்கு சேர்த்து 'லிமிடெட்' நிறுவனமாக நூல் வெளியிட்டார்கள். 1923 முதல் 'செந்தமிழ்ச் செல்வி' என்னும் திங்களிதழும் வந்தது. பின்னர் வாணிகம் சென்னையில் பெருகினாலும், தலைப்புப் பக்கத்தில் திருநெல்வேலியின் பெயர் நீங்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைக் கழகம் வெளியிட்டது. சுப்பையா பிள்ளை அவர்களுக்கு 1969இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதைத் தமிழாக்கி அவருடைய பெயருக்கு முன் வைத்தார்கள்.

கழகத்தின் வாணிக முறையைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான பாட நூல்களைக் கழகம் ஏராளமாக வெளியிட்டது. அவை ஆண்டுதோறும் விற்பனையாகிக் கைக்குப் பணம் கொண்டு வரும். அந்த வலிமையில்தான் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் புறநானூற்று விளக்கவுரை போன்ற பெருநூல்களை வெளியிட முடிந்தது. பெருமழைப் புலவர் பொ. வே. சோமசுந்தரனாரின் உரைகளும் அவ்வாறே வந்தன. இவை ஒரே ஆண்டில் விற்றுத் தீர்ந்துவிடும் சரக்குகள் அல்ல. 'தென்னை வைத்தவன் தின்று சாவான். பனை வைத்தவன் பார்த்துச் சாவான்' என்பது பழமொழி. பாட நூல் தென்னை. உரை நூல் பனை. தென்னையின் வருவாயைக் கொண்டு பனையை வளர்த்தது கழகம். விரைவில் விற்கும் நூல் மெல்ல விற்கும் நூலைத் தாங்குவது என்ற இந்த அறத்தின் மீதுதான் நல்ல பதிப்பகங்கள் எல்லா நாடுகளிலும் நின்றிருக்கின்றன.

1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. பாட நூல்களை அரசே குறைந்த விலைக்கு அச்சிட்டுத் தரத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் தனியார் பதிப்பகங்களின் தென்னந்தோப்பு இதனால் சுருங்கியது. பனையை எப்படி வளர்ப்பது?

இதற்கு விடையாக வந்தது பொது நூலகம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் நெடுநாள் முயற்சியின் பயன் இது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. அந்தப் பணத்தில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கப்படுகிறது. ஆயிரத்து இருநூறு பிரதி அச்சிட்டு, பல நூறு பிரதிகளை நூலகங்களுக்குக் கொடுத்து, எஞ்சியதைக் கடைகளில் மெல்ல விற்பது என்பதே நெடுங்காலம் தமிழ்ப் பதிப்பாளரின் வாழ்க்கை முறையாக இருந்தது. வரி கட்டும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே நூலுக்கு முதல் போட்டவர்கள் ஆனார்கள். ஆயினும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பதில் இடர் உண்டு. நூலக ஆணை ஓர் ஆண்டு தாமதமானால், அச்சுக்கூடத்துக் கடனுக்கு வட்டி ஏறிவிடும்.

கடையில் விற்கும் பங்கின் கணக்கையும் பார்ப்போம். புத்தகத்தின் விலை இருநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளருக்குக் கழிவு நூற்றுக்கு நாற்பது என்றால், எண்பது ரூபாய் போயிற்று. ஆசிரியருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் இருபது ரூபாய். எஞ்சிய நூறு ரூபாயில் காகிதம், அச்சு, கட்டு, மெய்ப்புத் திருத்தம், வண்டிக் கூலி, வட்டி எல்லாம் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு விற்பனை வரி விதிக்காவிட்டாலும் அது பிறக்கும் காகிதத்துக்கு வரி உண்டு. கடைக்காரர் கொடுக்க வேண்டிய நூற்றிருபது ரூபாய் ஓராண்டு நிலுவையில் நின்றால், சிறு பதிப்பாளருக்கு அடுத்த நூல் நின்றுவிடும்.

பாளையங்கோட்டையில் என்னோடு ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர், நம் ஆற்றுக் கால்வாய்களின் வரலாற்றைப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து எழுதினார். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து ஆயிரம் பிரதி அச்சிட்டார். வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் முந்நூறு பிரதிகளைக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் ஆகியும் கணக்கும் வரவில்லை; கட்டும் திரும்பவில்லை. மிஞ்சிய கட்டுகள் அவர் வீட்டுக் கட்டிலின் அடியில் கிடந்தன. கரையான் வந்து பாதியைப் படித்து முடித்தது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. கணினியும் புதிய அச்சுப் பொறியும் வந்த பிறகு ஆயிரம் பிரதி அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐம்பது போதும்; ஒருவர் கேட்டால் ஒரே பிரதியும் அச்சிடலாம். அதே நண்பர் தம் நூலைத் திருத்தி, இப்பொழுது ஐம்பது ஐம்பதாக அச்சிடுகிறார். கைப்பேசியில் செய்தி வந்தால் அஞ்சலில் அனுப்புகிறார். சென்ற ஆண்டில் கால்வாய்ப் பாசன விவசாயிகள் சிலர் சேர்ந்து இருபது பிரதி வாங்கினார்கள் என்று சொன்னபோது அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். கட்டிலின் அடி இப்பொழுது காலியாக இருக்கிறது.

மின்னூலும் வந்துவிட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் கணினியில் ஏற்றி உலகெங்கும் உள்ள தமிழருக்கு விலையின்றி வழங்குகிறது. 2016 முதல் அமேசான் நிறுவனத்தின் கிண்டிலிலும் தமிழ் நூல்கள் விற்பனையாகின்றன. 1977இல் சென்னையில் தொடங்கிய புத்தகக் காட்சி இன்று மாவட்டந்தோறும் பரவி, நம் நெல்லையிலும் பொருநையின் பெயராலேயே புத்தகத் திருவிழா நடைபெறுகிறது.

இவை எல்லாம் நன்மைகளே. ஆனால் இரண்டு இழப்புகளை நாம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கடை. பெயர் தெரிந்த நூலைக் கணினியில் தேடி வாங்கலாம். பெயர் தெரியாத நூலை எப்படித் தேடுவது? ஒரு நூலைத் தேடிப் போய், பக்கத்தில் இருந்த வேறொரு நூலை எடுத்துப் புரட்டி, அதனால் வாழ்க்கையே மாறிப்போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வாய்ப்பைத் தருவது நம் ஊர்க் கடையின் அலமாரிதான். திருவிழா பத்து நாள் நடக்கும். கடை ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, அஞ்சல். கடை இல்லாத ஊர்களுக்கு வி.பி.பி.யும் புத்தக அஞ்சலும்தான் புத்தகக் கடையாக இருந்தன. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர்கள் திகைத்துப் போனார்கள். 2025 மே மாதம் முதல் 'ஞான் போஸ்ட்' என்னும் ஏற்பாடு வந்தது. முந்நூறு கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வகுத்தார்கள், வரி தனி. நூறு ரூபாய் நூலுக்கு அஞ்சல் செலவு ஐம்பது ரூபாய் ஆனால் யார் வாங்குவார்? மலையடிவாரத்து மாணவன் நூலைப் பெறுவதும் பெறாததும் சில ரூபாய் அஞ்சற் கட்டணத்தைப் பொறுத்திருக்கிறது.

புதிய பொறிகள் நட்டத்தின் அச்சத்தைக் குறைத்துவிட்டன. ஆனால் அறிஞர் ஒருவர் பத்து ஆண்டுகள் ஏட்டோடும் கல்வெட்டோடும் போராடும் காலத்தில் அவருக்குத் துணை நிற்கும் பொறியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அச்சுச் செலவு மட்டுமா நூலுக்கு முதல்? உழைப்பும் காலமுமே பெரிய முதல். தேவைக்கேற்ப அச்சிடும் முறை பனங்கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றலாம். அது வளரும்வரை காவல் இருப்பது மனிதர்களின் கடமை.

ஆகையால் பழைய முறைகளிலுள்ள நல்லவற்றைப் புதிய கருவிகளோடு சேர்த்துக்கொள்வதே தக்கது. ஐயர் அவர்கள் நடந்து நடந்து வாங்கிய கையொப்பத்தை இன்று ஒரே நாளில் கைப்பேசி வழியே வாங்கிவிடலாம். நல்ல நூல் ஒன்று வரப்போகிறது என்று கேட்டால், முன்பதிவு செய்வோம். கல்லூரிகளும் ஊர்ச் சங்கங்களும் தத்தம் ஊரைப் பற்றிய நூலுக்குப் பரதவர்களைப் போலப் பொருள் திரட்டட்டும். விரைவில் விற்கும் நூலால் பயன் பெறும் பதிப்பாளர்கள், ஆண்டுக்கு ஒரு பனையாவது நடட்டும். விற்பனையாளர்கள் கணக்கை உரிய நாளில் தீர்க்கட்டும். நூலகத்தார் நல்ல நூலை நாள் கடத்தாமல் வாங்கட்டும்.

நாம் வாங்கும் ஒவ்வொரு புத்தகமும் அடுத்த புத்தகத்துக்கு இடும் விதைநெல். இந்த மாதச் செலவுக் கணக்கில் அரிசிக்கும் பருப்புக்கும் கீழே ஒரு வரி ஒதுக்கி, 'புத்தகம்' என்று எழுதுங்கள். எதிரே ஒரு தொகையையும் எழுதுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் குற்றமில்லை.