ஊரும் வீடும்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



குடும்பம் சமுதாயத்தின் முதல் உயிரணு என்று 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கூறியது. குருமடத்தில் இதைப் படித்தபோது, வீடுகள் சேர்ந்தால் ஊர் என்று எளிதாக எண்ணிக்கொண்டேன். நம் கொற்கைப் பக்கத்துச் சரித்திரம் வேறு. இங்கே ஊர்தான் வீட்டைச் சுமந்து வந்திருக்கிறது.

தாமிரபரணி வண்டலால் கடல் விலக, கொற்கைத் துறைமுகம் காயலுக்கும், பின்பு புன்னைக்காயலுக்கும் பெயர்ந்தது. 1530-களில் முத்துக்குளிப்புச் சச்சரவு முற்றியபோது, பரதவரின் பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு கடற்கரை ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருமறையில் சேர்ந்தன. ஊர் முடிவெடுத்தது, வீடு பின்னால் வந்தது.

1542-இல் வந்த புனித சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இம்மக்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதினார். அவர் என்ன செய்தார்? சிறுவர்களைக் கூட்டி ஜெபங்களைக் கற்பித்து, தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அனுப்பினார். ஊர் கொண்டுவந்த விசுவாசம், பிள்ளைகள் வாயிலாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. பெற்றோரே, ஞாயிறு ஞானோபதேசத்தை நீங்கள் டியூஷனுக்காக நிறுத்தும்போது எனக்கு இந்த நினைவுதான் வருகிறது.

ஆனால், சுமக்கிற ஊருக்குத் தள்ளிவிடவும் தெரியும். பழைய திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தின்முன் இரு சாதியாரும் தனித்தனியே நிற்கச் சுவர் வைத்திருந்தார்கள். கோவிலின் பெயரோ திருக்குடும்பம்! 1910-இல் சுவரை இடித்தபோது, அதற்காகச் சென்னை ஹைக்கோர்ட் வரை வழக்காடியவர்கள் இருந்தார்கள். தோற்றார்கள்.

அது பழங்கதை என்று நான் சொல்ல முடியாது. முன்பு நான் இருந்த ஒரு பங்கில், மகள் வேறு சாதியில் மணம் முடித்ததற்காக ஒரு வீட்டாரிடம் ஊர்வரி வாங்க மறுத்தார்கள். வரி வாங்காவிட்டால் அந்த வீடு ஊரில் இல்லை என்று பொருள். அந்த வீட்டுப் பெரியவர் இறந்தபோது தூக்க ஆள் வரவில்லை. வெளியூரிலிருந்து நாலு பேரைக் கூலிக்கு அழைத்து, நானும் உபதேசியாருமாக அடக்கம் செய்தோம். கமிட்டியாரிடம் நான் முன்பே பேசியிருக்க வேண்டும். திருவிழா கெட்டுவிடுமோ என்று வாய் திறவாமல் இருந்துவிட்டேன்.

நம் பங்கின் வரி நோட்டைப் போன வாரம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு வீடுகளின் பெயர் அதில் இல்லை. விழா முடிந்த மறுநாள் மாலை அந்த வீடுகளுக்குப் போகிறேன். கமிட்டியார் இருவர் கூட வரச் சம்மதித்திருக்கிறார்கள்.