பி.காமா, பி.பி.ஏ.வா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான். சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா, எல்லோரும் நடுவர்கள். படிக்கப்போகிற பிள்ளை மட்டும் பார்வையாளர்!

பி.காம் படிப்பு பெரும்பாலும் கணக்கைச் சுற்றியே வரும். பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு, வருமான வரி, கம்பெனிச் சட்டம். பி.பி.ஏ.வில் கணக்கு குறைவு. விற்பனை, விளம்பரம், ஆட்களை நிர்வகிப்பது அதிகம். ஆடிட்டர் ஆகும் ஆசை இருந்தால் பி.காம் தோதுப்படும். 55 சதவீதம் எடுத்த வணிகவியல் பட்டதாரி, சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். பிளஸ் டூ முடித்த கையோடு ஃபவுண்டேஷன் எழுதுகிறவர்களும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள்.

எது ஒத்துவரும் என்று தெரியவில்லையா? இந்த லீவில் தெரிந்த மளிகைக் கடையில் ஒரு வாரம் உட்காரட்டும். கொள்முதல் பில்லை அடுக்கி, கடன் நோட்டைப் பார்த்து, ராத்திரி கல்லாவை எண்ணட்டும். பத்து ரூபாய் உதைக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சாப்பாடு இறங்கவில்லை என்றால் பி.காம். வந்தவரிடம் பேசிப் பேசியே இன்னொரு சோப்பையும் விற்றுவிட்டால் பி.பி.ஏ.

கடைக்காரர் சம்பளம் தருவாரா என்கிறீர்களா? அந்தப் பேரத்தையும் பிள்ளையே பேசட்டும்!